எனக்கும் சேர்த்துப் போட்ட தடை

பம்மலில் எனக்கு ஒரு ஹார்டுவேர் கடை இருக்கிறது, மேல்மாடியில் வீடு. குழாய், பெயிண்ட், ஆணி, பூட்டு, வாளி எல்லாம் கிடைக்கும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் டப்பாவில் சாய்த்து வைத்தபடி என் போன் நிற்கும். அதில் எப்போதும் ஒரு எண் தெரியும், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி. அந்த நிமிடம் என் மகளின் உடம்பில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத்தான் அவை காட்டும்.

அவளுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. பெரியவர்களுக்கு வந்து மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை. உடம்பு இன்சுலினே சுரக்காது, ஆயுசுக்கும் ஊசிதான். "நிறைய ஸ்வீட் வாங்கிக் கொடுத்தீங்களா?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். நான் அவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ளப் பழகிவிட்டாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு ஊசியை இறக்குவாள். அதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய் அழுவேன். வெளியே வந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வேன். இரண்டும் ஒரே நாளில் நடக்கும்.

இப்போது அவள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளிக்கூடம் செம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்தில். மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் ஒன்று வாங்கியபோது எனக்கு உயிரே திரும்பி வந்தது போல் இருந்தது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளையாக இருக்கும். அது பக்கத்தில் இருக்கும் அவள் போனுக்குச் சொல்லும், அவள் போன் நெட் வழியாக என் போனுக்குச் சொல்லும். சர்க்கரை ஏறினாலும் கெடுதல்தான், ஆனால் இறங்கினால்தான் உடனடி ஆபத்து. வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கவனிக்காமல் விட்டால் மயக்கம் வந்துவிடும். அவள் செம்பாக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, நான் பம்மலில் உட்கார்ந்து அவள் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் மட்டும் பார்த்தேன் என்று சொன்னால் பொய். கடைக்கு வருகிற பிளம்பர், எலக்ட்ரீஷியன், பெயிண்டர் எல்லோருக்கும் அந்த எண் பழகிவிட்டது. எதிர்ச் சந்தில் இருக்கும் பிளம்பர் ஒருவர் கடைக்குள் கால் வைக்கும்போதே கேட்பார்.

"இன்னா பாய், பாப்பா ஸ்கோர் எவ்ளோ?"

"நூத்திப் பத்து."

"சூப்பரா ஆடிகினு கீது. முக்கால் இஞ்ச் எல்போ நாலு குடு."

அம்பு கீழே பார்த்தால் அவருக்கே முகம் மாறிவிடும். "பாய், இறங்கினு கீது பாரு, போன் போடு" என்பார். நானும் போடுவேன். பாடம் நடக்கிறதா, பரீட்சை நடக்கிறதா என்று பார்க்க மாட்டேன். அவள் எடுக்காவிட்டால் 'ஜூஸ் குடி' என்று மெசேஜ் அனுப்புவேன். பதில் வராவிட்டால் 'குடித்தாயா?' என்று இன்னொன்று. அவளோ அம்பு திரும்புவதற்கு முன்பே குடித்து முடித்திருப்பாள். சில சமயம் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். அந்தக் கட்டைவிரலில் எவ்வளவு எரிச்சல் இருந்தது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

போன அரையாண்டுப் பரீட்சையில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு நாள் காலை, நன்றாக இருந்த எண் திடீரென்று சறுக்கியது. இரண்டு தடவை பார்ப்பதற்குள் சிவப்பாகிவிட்டது. அடித்தேன், எடுக்கவில்லை. அந்த நேரம் கடையில் இருந்த பிளம்பரைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, ஹெல்மெட்டைக்கூட மறந்து வண்டியை எடுத்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டை எப்படிக் கடந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. வழியில் ஒரு பெட்டிக்கடையில் இரண்டு மாம்பழ ஜூஸ் வாங்கினேன். வாட்ச்மேன் "சார், சார்" என்று பின்னால் ஓடி வர, நான் நேராகப் பரீட்சை ஹாலுக்குள் போய் நின்றேன்.

ஹால் முழுக்கத் தலை நிமிர்ந்தது. என் மகள் கடைசி வரிசையில், சுவரோரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வாட்டமும் இல்லை. எழுதும்போது கை வலிக்காமல் இருக்கச் சுவரில் சாய்ந்திருக்கிறாள், சென்சார் சுவருக்கும் கைக்கும் நடுவில் மாட்டி நசுங்கியிருக்கிறது. அப்படி அழுத்தினால் எண் பொய்யாக இறங்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அது அவளுக்கு ஞாபகம் இருந்தது, எனக்கு இல்லை. விரலில் குத்திப் பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது. "போங்க, அத்தா" என்று மட்டும் சொன்னாள். நான் இரண்டு கையிலும் ஜூஸோடு வெளியே வந்தேன். ஒன்றை வாட்ச்மேனிடம் கொடுத்தேன். அவரும் பாவம், நிறைய ஓடியிருந்தார்.

வீட்டில் அவள் என்னோடு சரியாகப் பேசவே இல்லை. நான் ஓடியது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. மகளுக்கு ஆபத்து என்றால் எந்த அப்பனும் ஓடத்தான் செய்வான். கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கலாம், அவ்வளவுதான்.

இந்தக் கல்வியாண்டு தொடங்கியதும் பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. இனிமேல் பள்ளி நேரத்தில் மாணவர்கள் கையில் போன் கூடாது. கொண்டு வந்தால் காலையில் வகுப்பு ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு, மாலையில் வாங்கிக்கொள்ள வேண்டும். பாத்ரூமில் வீடியோ எடுப்பது, வகுப்பில் மேஜைக்கு அடியில் கேம் ஆடுவது என்று நிறையப் புகார் வந்திருக்கிறது. மற்ற பெற்றோர் எல்லோரும் கை கூப்பிய பொம்மையைப் போட்டு வரவேற்றார்கள். எனக்குக் கொதித்தது. டாக்டரிடம் போய் ஒரு கடிதம் வாங்கினேன், பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கினேன், ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். மனைவிக்குத் தம்பியின் வீட்டில் விசேஷம். அதனால் மகள் என்னோடு வந்தாள்.

கூட்டத்தில் ஆளுக்கொன்று பேசினார்கள். "டியூஷனுக்குப் போற வழியில போன் வேணுமே மேடம்" என்றார் ஒரு அம்மா. "எங்க காலத்துல போனா இருந்துச்சு?" என்றார் ஒருவர், தன் போனைப் பார்த்துக்கொண்டே. என் முறை வந்ததும் எழுந்து நின்று ஆரம்பித்தேன். என் மகளுக்கு அது வெறும் போன் இல்லை, அவள் உயிர், அதைப் பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை, தேவைப்பட்டால் எங்கே வேண்டுமானாலும் போவேன். குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை போனது. தலைமை ஆசிரியை பொறுமையாகக் கேட்டார்.

"சார், உங்க பொண்ணுக்கு அந்த ரூலே கிடையாது. மெடிக்கல் ரீசன். அவ போன் அவகிட்டயே இருக்கட்டும். இத நான் முதல் நாளே டிசைட் பண்ணிட்டேன்."

நான் சண்டைக்கென்று கட்டிக்கொண்டு வந்ததெல்லாம் வீணாகிவிட்டது. ஃபைலை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்தேன். அப்போது என் மகள் எழுந்து நின்றாள்.

"மேடம், எனக்கு மட்டும் தனி ரூல் வேணாம். என் போன் மிஸ் டேபிள்ல இருக்கட்டும். சிம் எடுத்துடறேன். சிம் இல்லாட்டியும் சென்சார் அதுல பேசும், லோ ஆனா அலாரம் அடிக்கும். அது போதும் எனக்கு."

"அப்ப அப்பாவுக்கு?" என்றார் தலைமை ஆசிரியை.

"அத்தாக்கு ஸ்கூல் டைம்ல நம்பர் போகாது மேடம்." ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "போக வேணாம்."

அத்தனை பேருக்கு நடுவில் என் காது சூடாகிவிட்டது. தடை மாணவர்களுக்கு என்றுதான் சொன்னார்கள். என் மகள் அதை நேராக என் தலைக்குத் திருப்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பெரிய ரகளை செய்தேன். "நான் உன்ன வேவு பாக்கறேனா? உனக்கு ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது?" என்று கத்தினேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. "எனக்கு ஏதாச்சும் ஆனா முதல்ல எனக்குத்தான் தெரியணும் அத்தா. இப்ப உங்களுக்கு முதல்ல தெரியுது. பிளம்பர் அண்ணாக்கு ரெண்டாவதா தெரியுது. எனக்கு மூணாவதா தெரியுது" என்றாள். விசேஷ வீட்டிலிருந்து அப்போதுதான் வந்த என் மனைவி புடவைகூட மாற்றாமல் இதைக் கேட்டுவிட்டு, "அவ சொல்றது சரிதாங்க" என்றாள். எனக்கு ஓட்டுப் போட அந்த வீட்டில் ஆளே இல்லை.

டாக்டராவது என் பக்கம் நிற்பார் என்று போனேன். அவரோ அவளைப் பார்த்துச் சிரித்தார். கண்டிப்பாகச் சில விஷயங்கள் சொன்னார். அலாரத்தை நிறுத்தவே கூடாது. அவள் எங்கே போனாலும் போனும் கூடவே போக வேண்டும். பாவாடை பாக்கெட்டில் எந்நேரமும் குளுக்கோஸ் இருக்க வேண்டும். வகுப்பு ஆசிரியைக்கும் இரண்டு தோழிகளுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். ஏதாவது என்றால் பள்ளியிலிருந்து உடனே எனக்குப் போன் வர வேண்டும். இதெல்லாம் சரி என்றால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். மகள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நான் பக்கத்தில் தண்டமாக உட்கார்ந்திருந்தேன்.

முதல் நாள் ஒரு கூத்து நடந்தது. வகுப்பு ஆசிரியை, பாவம், மிகவும் பத்திரமாக இருக்கட்டும் என்று அவள் போனையும் மற்றவர்கள் போனோடு இரும்பு பீரோவில் பூட்டிவிட்டார். பீரோவுக்குள் சென்சார் சிக்னல் எட்டுமா? தொடர்பு போய்விட்டது என்று அது உள்ளேயிருந்து கூவ ஆரம்பித்திருக்கிறது. சாவி ஸ்டாஃப் ரூமில். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். மறுநாளிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பென்சில் பெட்டியில் வைத்து மேஜை மேல் வைத்தார்கள். லேபுக்கோ கிரவுண்டுக்கோ போனால் முன் வரிசைப் பெண் ஒருத்தி அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

கடையில் என் நிலைமைதான் பரிதாபம். காலையில் அவள் பள்ளிக்குள் போனதும் எண் மறைந்துவிடும். அந்த இடத்தில் இரண்டு சின்னக் கோடுகள் மட்டும் நிற்கும்.

"இன்னா பாய், ஸ்கோரே காணோம்?" என்றார் பிளம்பர். "மேட்சு நின்னுபோச்சா?"

"ஆடிட்டுத்தான் இருக்கா. நமக்கு டிவி கட்."

"இன்னா அநியாயமா கீது! நாங்கல்லாம் பாக்க வேணாமா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார், என்னால் சிரிக்க முடியவில்லை. பெயிண்ட் கம்பெனிக்காரர் ஆர்டர் கேட்க அடித்தால்கூட "என்னாச்சு?" என்றுதான் எடுத்தேன். ஒரு நாள் தாங்க முடியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஏரிக்கரை வரை போய்விட்டேன். அங்கிருந்து பள்ளிக்கூடத்தின் மேல்மாடி தெரிகிறது. மணி அடிக்கிற சத்தமும் கேட்டது. பிள்ளைகள் கத்துகிற சத்தத்தில் அவள் சத்தம் எது என்று தேடினேன். பிறகு ஒரு நல்ல காரியம் செய்தேன், திரும்பி வந்துவிட்டேன். அப்படித் திரும்பி வந்ததற்கு என்னை யாரும் பாராட்டவில்லை. யாருக்கும் தெரியாதே!

சாயங்காலம் பள்ளி வாசலில் அவள் சிம்மைப் போட்டதும் அன்று முழுவதும் சர்க்கரை ஏறி இறங்கிய கோடு மொத்தமாக என் போனுக்கு வந்து விழும். கடையில் கூட்டம் இருந்தாலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. முன்பு இருந்ததைவிடக் கோடு நேராக இருந்தது. எனக்கு அது முதலில் ஏமாற்றமாகவும் பிறகு பெருமையாகவும் இருந்தது. டாக்டரிடம் போனபோது அவரே அவள் முதுகில் தட்டிக் கொடுத்தார். "நான் சொன்னேன்ல" என்பது போல் அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கோபப்பட்டிருப்பேன்.

பிறகு அந்த நாள் வந்தது. மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாள். அவள் கோ-கோ அணியில் சேர்ந்திருந்தாள், மதியத்துக்கு மேல் பயிற்சி இருந்தது. நான் ஒரு கட்டட மேஸ்திரிக்குக் கம்பி எடை போட்டுக்கொண்டிருந்தபோது போனில் கோடு வந்து விழுந்தது. காலையில் ஒழுங்காக வந்த கோடு, சாப்பாட்டுக்குப் பிறகு அப்படியே கீழே விழுந்திருந்தது. சிவப்புக்குள் போய், அதற்கும் கீழே போயிருந்தது. அவளுக்கு அவ்வளவு இறங்கி நான் பார்த்ததே இல்லை. பிறகு ஏறியிருந்தது. இப்போது நல்ல எண் நின்றது. எல்லாம் நடந்து, முடிந்தும் போயிருந்தது. எனக்குத்தான் அது அந்த நிமிடம் நடந்துகொண்டிருந்தது.

அடித்தேன். ஷேர் ஆட்டோ சத்தத்துக்கு நடுவில் "வந்துட்டே இருக்கேன் அத்தா, நல்லா இருக்கேன்" என்றாள். எடைக்கல்லை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் அப்பால வரேன் பாய்" என்று ஓரமாகப் போய் நின்றார்.

அவள் கடை வாசலில் இறங்கினாள். தலையில் மண், சட்டையில் மண். அவளுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"என்னாச்சு?"

"ஓடிட்டு இருந்தேன். வாயோரமா மரத்துப் போற மாதிரி இருந்துச்சு. அப்புறம் கால்ல ஒரு மாதிரி. உடனே பி.டி. சார்கிட்ட 'அவுட்'னு கை தூக்கிட்டு உக்காந்துட்டேன். பாக்கெட்ல இருந்த குளுக்கோஸ மொத்தமா வாயில போட்டுக்கிட்டேன். ஃப்ரெண்டு ஓடிப் போய் குத்திப் பாக்கற மெஷின எடுத்துட்டு வந்தா, குத்திப் பாத்தோம். கால் மணி நேரம் உக்காந்து திரும்பப் பாத்தோம். ஏறிடுச்சு. அப்புறம் பிஸ்கட் சாப்பிட்டேன்."

"அலாரம் அடிச்சுதா?"

"அடிக்கல அத்தா. போன் வெச்ச பெட்டி மேல் மாடியில, கிளாஸ்லயே இருந்துச்சு. அத எடுத்துட்டு வர்ற பொண்ணு இன்னிக்கி லீவு. எல்லாரும் மறந்துட்டோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மறந்துவிட்டார்களாம்! டாக்டர் படித்துப் படித்துச் சொன்ன விஷயம். "இதுக்குத்தான் சொன்னேன்! எனக்கு நம்பர் வந்திருந்தா நான் பாத்திருப்பேன், நான் ஸ்கூலுக்குப் போன் பண்ணியிருப்பேன்" என்று ஆரம்பித்தேன்.

"வந்திருக்காது அத்தா" என்றாள், மெதுவாக. "போன் மேல மாடியில. நான் கீழ கிரவுண்டுல. சிம் இருந்திருந்தாலும் உங்களுக்கு ஒண்ணும் வந்திருக்காது. சென்சார் ஞாபகம் வெச்சிருந்து, நான் மேல போய் போன எடுத்தப்புறம்தான் அதுக்குச் சொல்லியிருக்கு."

அவள் சொன்னது சரி. அந்த நேரம் நான் அந்தத் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் இரண்டு சின்னக் கோடுகளைத்தான் பார்த்திருப்பேன். நெட் கோளாறு என்று நினைத்து போனைத் தட்டிக்கொண்டிருந்திருப்பேன். அங்கே மாடியில் இருந்த போனுக்கும் தெரியாது, இங்கே கடையில் இருந்த எனக்கும் தெரியாது. அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கிறது. தெரிந்ததும் விளையாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கோ-கோவில் ஓடிக்கொண்டிருக்கிற எந்தப் பிள்ளை நடுவில் உட்காரும்? என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது இப்போதுகூட எனக்கு மார்பு விரிகிறது.

"மிஸ் ரொம்ப பயந்துட்டாங்க. உங்களுக்கு அடிக்கறேன்னு போன எடுத்தாங்க. அதுக்குள்ள ஏறிடுச்சு. நானே சொல்லிக்கறேன்னு சொல்லிட்டேன். இனிமே பெட்டிய நானே எடுத்துட்டுப் போறேன்னும் சொல்லிட்டேன்."

"நீ பயப்படலையா?"

அவள் ஷூவில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். அவள் பெரிய தைரியசாலி, அவளுக்குப் பயமே கிடையாது, பயமெல்லாம் எனக்குத்தான் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

"ரொம்ப பயமா இருந்துச்சு அத்தா" என்றாள். "எப்பவுமே பயமாத்தான் இருக்கும். பயந்துட்டே குத்திப் பாப்பேன்."

நான் பயந்தால் ஹாலுக்குள் ஓடி விழுவேன். அவள் பயந்தபடியே சரியாகச் செய்கிறாள். இது தெரிந்தபிறகு என் பெருமை இரண்டு மடங்கு ஆனது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து போனை எடுத்தாள்.

"வேணும்னா சிம்மோட வெச்சுக்கறேன்னு மேடம்கிட்ட கேக்கறேன் அத்தா. நாளைலேர்ந்து நீங்க பாருங்க. ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

என் மேல் இரக்கப்பட்டுத்தான் கேட்டாள். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பிடுங்கியதை, கடையில் யாருக்கும் தெரியாமல் திருப்பிக் கொடுக்கிறாள். வாங்கிக்கொள்ளத்தான் கை போனது. எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

"வேணாம்மா" என்றேன். "அதான் நீ பாத்துக்கறியே."

சொல்லி முடித்தபிறகும் போன் பக்கம் நீண்ட என் கை அப்படியேதான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டிவிட்டு, போனைப் பைக்குள் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு மாடிப்படி ஏறிப் போனாள்.